முப்பது மாத்திரைக்கு ஒரு விளக்கம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. விளக்கக் கடிதமாகப் பிறந்தது. கிராம நர்ஸ் யுவராணிக்கு மெமோ வந்திருந்தது: போன் ஆப்பில் பதியாமல் முப்பது பிரஷர் மாத்திரை கொடுத்தது ஏன்?

"அண்ணா, மன்னிப்பு கேட்டு ஒண்ணு எழுதிக் குடுங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள குடுத்தாகணும்."

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் ஒழுங்காக எழுதினேன். நடந்ததுதான் கடிதத்துக்குள் அடங்கவில்லை. மிச்சம் இங்கே.

2

மரக்காணத்தில் முத்து முத்தாய் விளையும் வெண்ணிற

(அடித்துவிட்டேன். அங்கே நிற்பவருக்கு அது முத்தல்ல, கண்கூச்சம்.)

உப்பு வாரும் பொன்னம்மாளுக்குப் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. மாத்திரை யுவராணியின் பையிலேயே இருந்தது. ஆனால் முகம் பதிய, வாங்குபவர் போனைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் கொடுக்கலாம்.

(நர்சுகளின் வேலையைக் குறைக்க வந்த போன் இது. முன்பு நாலு ரிஜிஸ்டர். இப்போது நாலு ரிஜிஸ்டரும் ஒரு போனும்.)

3

"உப்பைக் குறைக்கணும்க்கா."

"நான் உப்பைக் குறைச்சா மொதலாளி என்னையக் குறைச்சிடுவாரு, நர்சம்மா."

"சரி, கண்ணை நல்லாத் தொறங்க."

"இருபது வருஷமா இந்த வெள்ளையில நிக்கிறேன். இதுக்கு மேல தொறக்காது."

'கண்கள் மூடியுள்ளன. மீண்டும் முயலவும்' என்றது போன். ஒன்பது முறை. நிழலுக்கு மரமில்லை. கூட வேலை செய்த நாலு பேர் ஒரு சாக்கை விரித்துத் தலைக்கு மேல் பிடித்தார்கள்.

"கல்யாணப் பந்தல் கணக்கா இருக்குது. மாப்புள்ள எங்கக்கா?" என்றாள் அவர்களில் ஆண்டாள்.

'வெளிச்சம் போதவில்லை' என்றது மாப்பிள்ளை.

"சாயந்தரம் வீட்டுக்கு வந்து குடுக்கிறேன்க்கா."

"உங்க போன் வரும். நான் இருக்கணுமே" என்று சிரித்தார் பொன்னம்மாள்.

(இந்த வரி என் கைவேலையோ என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது, கேட்டேன். "சிரிச்சுக்கிட்டேதாண்ணா சொன்னாங்க" என்றாள் யுவராணி. அவள் சிரிக்கவில்லை.)

மூன்று மாத்திரை அட்டையையும் பொன்னம்மாள் கையில் திணித்துவிட்டு நடந்தாள். சாயந்தரம் பதிந்துகொள்ளலாம் என்று நினைப்பு. சாயந்தரத்துக்குள் இன்னும் பதினேழு வீடு இருந்தது. பதிவு விட்டுப்போனது.

4

கடிதத்துக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்.

மெமோ போட்ட அதிகாரியே உப்பளத்துக்கு வந்து, போன் முன்னால் நின்று, அவராலும் கண்ணைத் திறக்க முடியாமல்

(ஆசைதான். கிழித்துவிட்டேன்.)

'மறுபடியும் கொடுப்பேன்' என்று எழுதலாம். வீரம் எனக்கு, வேலை போவது அவளுக்கு.

மிஞ்சியது இந்த மாதிரிக் கடிதங்களின் வழக்கமான கடைசி வரி: 'இனி இவ்வாறு நிகழாது என உறுதி கூறுகிறேன்.' அவள் கேட்டு வந்ததும் அதுதான். எழுதப் போனேன்.

"கொஞ்சம் இருங்கண்ணா" என்றாள். "நாளன்னிக்கு அவங்களுக்கு மாத்திரை தீருது."

கடிதம் 'எனவே,' என்பதோடு நிற்கிறது. அதற்கும் கையெழுத்துக்கும் நடுவே ஒரு வரிக்குத்தான் இடம். பேனா இதோ. பார்த்து எழுதுங்கள்; கீழே கையெழுத்துப் போடப்போவது யுவராணி.