கண்ணளவு எழுத்து

வெங்கடேசன் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தாலே அந்த மண்ணூர் ஒர்க்‌ஷாப்பில் பாதிப் பேர் செய்த வேலையை மறுபடியும் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கம்பெனி பஸ்களுக்கு ஊர்ப் பெயர்ப் பலகை செய்கிற இடம் அது; அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். போல்ட்டும் நட்டும் அளந்தே தலை நரைத்த மனிதர். அவர் கையில் இன்று மாட்டியது எழுத்து.

எழுத்து சந்தனமாரியுடையது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், டிசைன் படித்தவள், மூன்று மாதமாகச் சோறு தண்ணி மறந்து வரைந்தது. வெங்கடேசன் ஓகே சொன்னால் அத்தனை பஸ்ஸிலும் அவள் எழுத்து ஏறும். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் ரெடிமேடாகக் கிடைப்பதையே வெட்டி ஒட்டச் சொல்லிவிட்டார் முதலாளி. நாளைக் காலை முதல் பஸ் வருகிறது.

“இன்னாம்மா இது? ‘ஒரகடம்’னு அஞ்சு எழுத்து. ‘ட’வை வுட ‘ஒ’ ஒசரமா கீது. ‘ம்’ பாரு, ‘ட’ மேல ஒட்டிக்கினு நிக்குது. ரிஜெக்ட்!”

“அளந்தீய சார். பாத்தியளா?”

“அளக்கறதுதாம்மா பாக்கறது.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் வாயாடி என்ன பயன்? அவர் சொன்னபடியே, எல்லா எழுத்தும் ஒரே உயரம், ஒரே இடைவெளி என்று மெஷினில் இன்னொரு பலகை வெட்டினாள். இரண்டையும் கேட்டில் மாட்டிவிட்டு, அவரை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கூட்டிப்போனாள்.

வெங்கடேசன் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். விறுவிறுவென்று திரும்பிப் போய்த் தான் சொன்னபடி வெட்டிய பலகையின் ‘ஒ’வை அளந்தார். அளவு சரி. காலிப்பர் மேலேயே சந்தேகம் வந்து வேறொன்றை வாங்கி அளந்தார். அதுவும் அதையே சொன்னது.

“அளவு கரெக்டு, பாத்தா குள்ளமா கீதே! ‘ம்’ வேற தனியா போய் நிக்குது. இன்னாம்மா மாயம்?”

“மாயம் என்ன சார் மாயம்? வட்ட எழுத்து கண்ணுக்குச் சின்னதாத்தான் தெரியும், அதான் கொஞ்சம் தூக்குனேன். ‘ட’வுக்கு வலப்பக்கம் மேல காலியா கெடக்கு, அதான் ‘ம்’மைக் கிட்ட இழுத்தேன்.”

“எவ்ளோ தூக்கணும்? ரூல் சொல்லு.”

“ரூலு இருந்தா மூணு மாசம் எதுக்கு சார்? வரையணும், பாக்கணும், புடிக்கலன்னா அழிக்கணும். கண்ணு ஒத்துக்கிடுத வரைக்கும் அதான் வேலை.”

வெங்கடேசன் தாடையைச் சொறிந்தார். பெயின்ட் பளபளப்பு மாதிரி அளக்க முடியாத சங்கதிக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. நன்றாக அமைந்த ஒன்றை ‘மாஸ்டர் பீஸ்’ என்று இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் மாட்டி, பிறகு வருவதையெல்லாம் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பாஸ் செய்வார்கள். அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அவரே அங்கே மாட்டினார்.

“உன் ‘ர’ எனக்குப் புடிக்கல. கால் நீட்டம்.”

“அது ஒங்க ரசனை சார். எனக்குப் புடிச்சிருக்கு.”

“சர்தான் போ! இனிமே எவன் வெட்னாலும் இதப் பாத்துத்தான் வெட்டணும். கீய உன் பேர எய்து.”

சந்தனமாரிக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. மார்க்கரோடு குனிந்தவள் ‘க’வைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அதன் வளைவு ஒரு மயிரிழை தடித்திருந்தது. வேறு எவர் கண்ணிலும் அது பட்டிருக்காது.

“கழத்துங்க சார். ‘க’ சரியில்ல. பஸ் வாரதுக்குள்ள வேற வெட்டித் தாரேன்.”

“அட, நான்தான் ஓகே சொல்லிட்டேனே!”

“நான் இன்னும் சொல்லலையே சார்.”