ஐந்தாம் துளையின் மண்

இரண்டாம் துளையின் மண்ணும் ஐந்தாம் துளையின் மண்ணும் ஒன்றாக இருந்ததைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. நான்கு மாடி நூலகம் எழும்ப இருந்த மனையில் ஆறு இடங்களில் துளையிட்டு, ஆழத்துக்கு ஒன்றாக இரும்புக் குழாய்களில் மண் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதைச் சோதித்து, அந்தத் தரை எவ்வளவு சுமை தாங்கும் என்று சொல்வது அவள் வேலை. அங்கே அவளுக்குத் 'தராசு' என்று பெயர். எதையும் இரண்டு தடவை எடை போடாமல் விடமாட்டாள் என்று யாரோ கேலியாக வைத்தது. இப்போது இயக்குநரே அப்படித்தான் கூப்பிடுவார்.

ஈரப்பதம் பார்த்தபோது முதலில் உறுத்தியது. இரண்டாம் துளையில் இருபத்திரண்டு சதவீதம். இருபது மீட்டர் தள்ளியிருந்த ஐந்தாம் துளையிலும் இருபத்திரண்டு. மேலே, நடுவில், அடியில், எங்கே பார்த்தாலும் அதே. ஐந்தாம் துளைக் குழாயிலிருந்து தள்ளிய மண்ணை நெடுக்காகக் கீறிப் பார்த்தாள். தானாகப் படிந்த மண்ணில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரியும். இதில் ஒரு கோடுகூட இல்லை. யாரோ கையால் பிசைந்து அடைத்தது போல் இருந்தது.

அடைத்திருந்தால் அது துளை போட்டவர்தான். துளை போட்டவர் அவளுடைய அக்கா கணவர்.

மனசு கேட்காமல் மெழுகு அண்ணனிடம் மட்டும் காட்டினாள். வருகிற குழாய்களை வாங்கி, ஈரம் போகாமல் மெழுகு பூசி, ஈர அறையில் அடுக்கிப் பாதுகாப்பவர் அவர். பன்னிரண்டு வருடமாக அவளோடு இருப்பவர். கீறிய மண்ணை அவர் தொடாமலே பார்த்தார்.

"தோண்டுறவங்கள முழுசா நம்ப முடியாதும்மா," என்றார். "ஒரு துளையில எடுத்து ரெண்டு துளைக்கு அடைச்சா யாருக்குத் தெரியப் போகுது? சொந்தக்காரர்னு விட்டுடாதீங்க."

அந்த வார்த்தை அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். வாசலில் ஒரு புது வண்டி நின்றது. அதைக் கடந்து உள்ளே போவதற்குள் மனசு பத்துக் கணக்குப் போட்டுவிட்டது. அத்தான் வழக்கம் போல் எழுந்து வந்து கிண்டல் பண்ணவில்லை. வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்காமல், இடது கையால் காபி குடித்தார்.

"நூலக மனையில அஞ்சாவது துளை எப்படி இருந்துச்சு அத்தான்?"

அவர் சட்டென்று அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் எழுதிக் குடுத்திருக்கேனே," என்றவர், டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, யாரையோ பார்க்கவேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டார். புது வண்டியில் போகவில்லை. அது அக்காவுக்கு வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்கவே கூசியது. இந்த வீட்டில் தானே குண்டைத் தூக்கிப் போட வேண்டுமா என்று நினைத்தாள். புத்தகத்தின் கனம் அவளுக்குத் தெரியும். அந்தத் தளங்களில் அலமாரி அலமாரியாக அடுக்கும்போது எந்த மூலையாவது இறங்கினால் கட்டடம் வாய் பிளந்துவிடும்.

மறுநாள் மனைக்கே போனாள். காவலாளி பேசக் காத்திருந்த மனிதர். மற்ற துளைகளுக்கு ஒவ்வொரு நாள்தான் இயந்திரம் நின்றது, ஐந்தாவதுக்கு மட்டும் இரண்டு நாள் என்றார். அதோடு நிற்கவில்லை.

"பாதி ஆழத்துல தோண்டுற கம்பி சடக்குன்னு தானா உள்ள இறங்கிடுச்சு. இயந்திரக்காரர் வலது கையில விரல் நசுங்கிப் போச்சு. வீட்டுல சொல்லாதீங்க, பொம்பளை பயப்படுவான்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டாரு."

அத்தான் பையிலிருந்து கையை எடுக்காதது அதனால்தான். எண்களைப் பார்த்து மனம் ஒரு பக்கம் சாயக்கூடாது என்று, துளைக் குறிப்பேட்டைச் சோதனை முடியும்வரை ஆய்வுக்கூடத்துக்குக் காட்டுவதில்லை. அது தலைமைப் பொறியாளர் மேசையில் கிடக்கும். அவள் நேரே அங்கே போய்க் கேட்டு வாங்கினாள். இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் இருந்தது: ஆறு மீட்டரில் கம்பி தன் எடையிலேயே இறங்கியது. கறுப்புக் களிமண். மிகவும் இளக்கம்.

அவள் மேசைக்கு வந்த மண்ணில் கறுப்பு என்பது பேருக்குக்கூட இல்லை.

அத்தான் ஒழுங்காகத்தான் தோண்டியிருக்கிறார். அப்படியென்றால் வழியில் மாறியிருக்கிறது. ஈர அறைக்கு இருந்தது ஒரே சாவி. அது யார் இடுப்பில் தொங்கியது என்று யோசிக்கத் தேவையே இல்லை. பன்னிரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் மெழுகுச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவது துளை மண்ணு எங்கண்ணே?"

கிளறிய கை நின்றது. மேல் தட்டு சரிந்து ஐந்தாம் துளையின் குழாய்கள் எல்லாம் விழுந்ததையும், மூடி தெறித்துக் களி தரையெல்லாம் ஓடியதையும், வாரிக் கழுவிவிட்டு இரண்டாம் துளையில் மிஞ்சியதை அடைத்ததையும் தலை நிமிராமல் சொன்னார்.

"ஓய்வுக்கு நாலு மாசம்தாம்மா இருக்கு. பயந்துட்டேன்."

"பயந்தீங்க, சரி. எங்க அத்தான் மேல எதுக்கு கையைக் காட்டுனீங்க?"

அன்று மாலைக்குள் அவள் இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்தாள். எழுதும்போது அழுகை வந்தது; ஆனாலும் ஒரு வரியையும் குறைக்கவில்லை. மெழுகு அண்ணனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஐந்தாம் துளைக்குப் பக்கத்திலேயே மறுபடி துளையிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு அத்தானே வந்து நின்றார். காவலாளி வாய் சும்மா இருக்குமா, அவள் வந்து விசாரித்ததை அதற்குள் அத்தானிடம் சொல்லியிருந்தார். ஆறாவது மீட்டரில் கறுப்புக் களி குழகுழவென்று மேலே வந்தது. அவளும் அத்தானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கிட்டயே நேரா கேட்டிருக்கலாம்," என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையாட்டினார், அது சரி என்பதா, போதும் என்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வரைபடத்தை மாற்றினார்கள். மேலோட்டமான அடித்தளம் போதும் என்றிருந்த நூலகம், களிக்குக் கீழே பாறை வரை இறங்கிய தூண்களின் மேல் எழுந்து, இன்றுவரை ஒரு விரிசல் இல்லாமல் நிற்கிறது. அத்தானும் பழையபடி வீட்டுக்கு வருகிறார், சிரிக்கிறார், கிண்டல் பண்ணுகிறார். ஆனால் எந்த மனையிலிருந்து மண் கொண்டுவந்தாலும், இப்போதெல்லாம் ஒரு நோட்டையும் கொண்டுவருகிறார். ஒவ்வொரு குழாயையும் அவள் கண்முன்னே வைத்து, மூடியைத் திறந்து காட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அவளிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கிளம்புகிறார்.