வீட்டுக்காரருக்குத் தைத்த சட்டைகள்

சட்டைகளைக் காட்டவென்று ஒருநாள் வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் நீளத்துக்குக் கொடி கட்டி, பதினோரு சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார் காஜாக்காரர். எல்லாம் துண்டுத்துணியில், மெஷின் தொடாமல் கையாலேயே தைத்தவை. தையல் கம்பெனியில் முப்பது வருஷம் பட்டனுக்குக் காஜா எடுத்த விரல்கள், ஓய்வு கொடுத்தாலும் சும்மா கிடக்கவில்லை. கூட இருந்த கட்டிங் மாஸ்டர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். ஒரே அறை, ஒரே கண்ணாடி, ஒரே சீப்பு என்று பதினோரு வருஷம் வாழ்ந்தார்கள். அந்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டையாக, அவர் போன பிறகு தைத்தார்.

நீலக் கட்டம் போட்டது, அறைக்குக் குடிவந்த வருஷத்துடையது. காலர் திருப்பித் தைத்தது, கம்பெனி மூடிக் கிடந்த மழைக்காலத்துடையது. அப்போது இதே மாதிரி இருந்த ஒரு சட்டையைத்தான் இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். மாஸ்டரின் வேர்வை வாசனையோடு அது தன் உடம்பில் ஏறுகிற நாளில் காஜாக்காரருக்குப் பசியே எடுக்காது.

மாஸ்டரின் அக்காவை இன்று வரச்சொல்லியிருந்தார். மாஸ்டரைப் பற்றிப் பேச இனி இருக்கிற ஒரே ஆள் அவள்தான். விஷயம் தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் அந்தப் பேச்சும் போச்சு. ஆனால் மூடி மூடி வைத்தே முக்கால் ஆயுசு போய்விட்டதே.

அக்கா வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "என் வீட்டுக்காரருக்கு."

"ஏம்ப்பா, வாடகை வாங்குற மனுஷனுக்கா பதினோரு சட்டை? ஒழுகுற கூரையத் திரும்பிப் பாக்காத ஆளாச்சே!"

காஜாக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "அந்த வீட்டுக்காரர் இல்லக்கா."

அக்கா நீலச் சட்டையைத் தொட்டாள். இடது தோள் ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தது. அடுத்த சட்டையிலும் அப்படித்தான்.

"இது என் தம்பி தோளு. துணி ரோல் சுமந்து சுமந்து எறங்கினது." திரும்பினாள். "அளவுச் சட்டைகூட உங்கிட்ட இல்லியே. எல்லாத்தையும் நான்தானே மூட்டை கட்டிட்டுப் போனேன். எத வச்சு வெட்டினே?"

"எதையும் வச்சு இல்லக்கா. கைக்குத் தெரியும்."

அவள் மறுபடி அட்டையைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"எத்தன பொண்ணு பாத்தோம் அவனுக்கு. செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வீட்டுக்குள்ள விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள் அக்கா, ஒளிக்காமல். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"சரி, நாத்தனார்காரி வந்து எவ்வளவு நேரமா நிக்கிறா. ஒரு நாற்காலி எடுத்துப் போடத் தோணல. என்ன வளர்ப்போ!"

"இதோ... இதோக்கா" என்று ஓடினார் காஜாக்காரர். அந்த மண்டபத்தில் நாற்காலிகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார்.