பம்பரில் காய்ந்த மெழுகு

ஈரமாக இருந்தவரை எல்லாம் கறுப்பாகத்தான் இருந்தது. காய்ந்ததும் திரும்ப வந்துவிட்டது, பால் பொங்கி வழிந்து அடுப்பில் காய்ந்த மாதிரி, திட்டுத் திட்டாக வெள்ளை. குந்தி உட்கார்ந்தபடியே அவள் காரின் பின் பம்பரை வெறித்துப் பார்த்தாள். சோப்பு நுரையும் பழைய பல் பிரஷ்ஷுமாக இவ்வளவு நேரம் தேய்த்ததெல்லாம் வீண்.

“போயிடுச்சா?” என்றார் அவள் கணவர். காருக்கு அந்தப் பக்கம் நின்று, ஏற்கெனவே பளபளத்த கதவை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“போகுது, போகுது.”

“முகத்த தூக்கி வச்சுக்காத. கொஞ்சம் பட்டிருக்கும். கழுவினா சரியாப் போயிடும்.”

கொஞ்சமா. பம்பர், கதவடிப் பட்டை, சக்கர வளைவு என்று ஒன்று பாக்கியில்லை.

அந்த வீட்டுக்கு அவர் டிரைவர். அவள் அதே வீட்டுத் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவள். கார் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அறைதான் அவர்களுக்கும் மகளுக்கும் வீடு. டிரைவர் வேலை போனால் அறையும் போய்விடும். முதலாளியை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவருடைய மகள் இன்று கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். பாப்பா என்றே கூப்பிட்டு, அந்தப் பெண்ணை ரெட்டைச் சடையோடு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தவர் இவர்தான். பாப்பாவின் பாப்பா வருகிற வண்டி கண்ணைப் பறிக்க வேண்டாமா என்று, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காலையிலேயே மெழுகு பாலிஷ் போட்டுவிட்டார்.

பாலிஷ் போடுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் சொரசொரப்பானது. மெழுகு பட்டால் அதன் பொடிக் குழிகளில் போய் உட்கார்ந்து வெளுத்துவிடும். அதனால் முதலில் பிளாஸ்டிக் மேல் காகித டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் மெழுகு டப்பாவைத் திறப்பார். இன்றும் ஒட்டியிருந்தார். ஆனால் டேப் முழுவதும் விரலகலம் மேலே தள்ளி, பெயின்ட் மேல் கோணலும் மாணலுமாக ஓடியது. மூட வேண்டியது திறந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அவள் முதல் வேலையாக டேப்பை உரித்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். அது ஒன்று போதும், பெரியவருக்கு விஷயம் விளங்கிவிட.

அந்த விஷயம் அவர்கள் இருவருக்கும் கண் டாக்டருக்கும் மட்டும் தெரியும். பார்வை சுருங்கிக்கொண்டே வரும், மங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது, இனி வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பாப்பா கல்யாணம் முடியட்டும். நானே சொல்லிடறேன்.” கல்யாணம் முடிந்தது. பிறகு, பிரசவம் ஆகட்டும் என்றார். அதுவும் ஆகிவிட்டது. நேற்று படுக்கும்போது, “குழந்தைய ஒரே ஒரு தடவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்” என்றார். அவளும் தலையை ஆட்டினாள்.

சமையல்கார அக்கா பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்ட வந்தவள் அப்படியே நின்றாள்.

“என்னடி, காருக்குக் கோலம் போட்டு வச்சிருக்கான் உன் வீட்டுக்காரன்?”

“சத்தமா பேசாதீங்கக்கா.”

“நான் பேசல. நேத்து அவன்தான் பேசினான். வாசல்ல நின்னேன். கதவத் திறந்து விட்டு, ‘ஏறுங்கம்மா’ங்கறான். எனக்கும் இந்த வீட்டுக்கு முதலாளியம்மா ஆகணும்னு ஆசைதான். அவன் கண்ணுக்கு மட்டும் ஆகி என்ன பிரயோஜனம்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“பெரியவர் சாப்பிட உக்காந்துட்டாரு. சாப்பிட்டதும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறாங்க. நீயும் எத்தனை நாளைக்குத்தான் பூசி மெழுகிட்டு இருப்பே?”

“கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தா குடுங்க.”

மண்ணெண்ணெயில் பிளாஸ்டிக் கறுத்தது. அவள் மூச்சு திரும்பி வருவதற்குள் வெளுத்தது. தலைக்கு வைக்கிற எண்ணெயைத் தடவினாள். அதில் தூசி வந்து ஒட்டியதுதான் மிச்சம். துடைத்தெடுத்தபோது அடியில் அதே வெள்ளை பல்லைக் காட்டியது. நகத்தால் சுரண்டினாள். குழியிலிருந்து பொடியாக மெழுகு கிளம்பியது, கூடவே நகமும் பிய்ந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். கையில் கிடைத்ததையெல்லாம் புரட்டிப் போட்டபோது மகளின் புத்தக அலமாரியிலிருந்து ஓரம் கடித்த ரப்பர் ஒன்று உருண்டு விழுந்தது.

பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர்தானே என்று அரை மனதோடுதான் தேய்த்தாள். ரப்பர் துணுக்குகள் வெள்ளையாகச் சுருண்டு உதிர்ந்தன. தேய்த்த இடம் கறுத்தது. ஊதிப் பார்த்தாள். ஈரமே இல்லாத கறுப்பு. வெளுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் மூச்சு விட்டாளா என்பதே சந்தேகம். வெறி பிடித்தவள் மாதிரி சக்கர வளைவைத் தேய்த்தாள், மண்டியிட்டு நகர்ந்தபடி கதவடிப் பட்டையைத் தேய்த்தாள். தோள்பட்டை கழன்று விழும்போல வலித்தது. ரப்பர் தேய்ந்து சுண்டுவிரல் நுனி அளவுக்கு வந்துவிட்டது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பின் பம்பரில் நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு பட்டைதான் பாக்கி. தீர்ந்துவிடும், தப்பித்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் கணவர் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்.

“இந்தா, எங்க போயிட்ட?”

அவள் காருக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றாள். உள்ளே இருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அவர் கண்கள் நேராக அவளைத்தான் பார்த்தன. பார்த்துவிட்டு, நிற்காமல் தாண்டிப் போயின.

அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். கையில், ரப்பர் துணுக்குகளைத் துடைக்க எடுத்த ஈரத்துணி.

“உன்னத்தான் கேக்கறேன். வண்டிய பின்னால எடுத்து வெளிய விடணும். வழிய விட்டு நகந்துட்டியா?” சாவி திரும்பியது. வண்டி உறுமியது.

“இங்கதான் நிக்கறேன்.”

“எங்க?”

“பின்னாலதான். உங்களுக்கு நேரா.”

அவர் கண்ணாடியைத் திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார். பிறகு சிரித்தார். “வெயில் அடிக்குது, அதான்.”

ஷெட்டுக்குள் வெயில் இல்லை.

திரும்பி வரும்போது பின் சீட்டில் பாப்பா இருப்பாள். மடியில், இன்னும் கழுத்து நிற்காத குழந்தை.

பெரியவரின் செருப்புச் சத்தம் படியிறங்கியது. ஒரு தடவை ஈரத்துணியால் இழுத்துவிட்டால் போதும். கடைசிப் பட்டையும் கறுத்துவிடும். அது காய்வதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியிருக்கும். துணியிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது. அவள் குனியவில்லை.

“வண்டி ஜொலிக்குதே” என்றபடி பெரியவர் ஒரு சுற்று வந்தார். பின்பக்கம் வந்ததும் நின்றார். “இதென்னப்பா, வெள்ளையா?”

கணவர் அவசரமாக இறங்கி வந்தார். குனிந்தார். வெள்ளைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, கையையும் அதன் மேலேயே வைத்தார். “எங்கய்யா? எல்லாம் கறுப்பாத்தானே இருக்கு?”

பெரியவர் அவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அவருக்குக் கண்ணு தெரியலைங்க ஐயா” என்றாள் அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நானும் சேந்துதான் மறைச்சேன்.”

கணவர் நிமிரவில்லை. பெரியவர் காருக்குள் கையை விட்டு வண்டியை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டார். “வாடகை வண்டி ஒண்ணு கூப்பிடச் சொல்றேன்” என்றார். “மத்தத அப்புறம் பேசிக்கலாம்.” படியேறும் சத்தம் உள்ளே போய் மறைந்தது.

மத்தது என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். அறை, பிள்ளையின் பள்ளிக்கூடம், எல்லாமே அதற்குள் இருந்தது. கணவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“இன்னும் எவ்வளவு இருக்கு?” என்றார் அவர், பம்பரைப் பார்த்தபடி.

“ஒரு சாண் இருக்கும்.”

“எதுல தேச்ச?”

அவள் ரப்பர் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார். “எங்க இருக்குன்னு விரலப் பிடிச்சு வை.”

அவள் அவர் விரலைப் பிடித்து வெள்ளை தொடங்குகிற இடத்தில் வைத்தாள். அவர் தேய்க்க ஆரம்பித்தார்.