சட்டசபையில் வைத்த ரகசியம்

குளச்சல் கடற்கரையில் அன்று மீன் ஏலம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. ஏலக்காரரின் கணக்கப்பிள்ளை ஆபேல், கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்து பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். குளோரி தன் கடவப் பெட்டியில் சாளை மீனை அள்ளிப் போட்டுவிட்டு, என்ன விசேஷமென்று தானும் ஓரமாக நின்றாள்.

விசேஷம் மணலைப் பற்றியது. மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணலோடு கலந்து கிடக்கும் மஞ்சள் மணல் அணுசக்திக்கு ஆகும் என்று, அதை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கம் தடை போட்டிருந்தது. அதற்குப் பிறகும் ஓர் அன்னிய வல்லரசு வியாபாரி வேடத்தில் ஆள் வைத்து அதை எப்படிக் கொண்டுபோனது என்று போலீசார் ரகசியமாக ஓர் அறிக்கை எழுதியிருந்தார்கள். பூட்டிக் கிடந்த அந்த அறிக்கையை, உறுப்பினர் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், இப்போது திருவனந்தபுரம் சட்டசபையில் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள். நாட்டின் பெயரை மறைத்திருந்தார்கள். தகவல் கொடுத்தவர்களின் பெயர்களையும் மறைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே வெளியே வந்திருந்தது.

"மூட்டையின் மேலும் கீழும் கருமணலைப் போட்டு, நடுவில் மஞ்சள் மணலை வைத்துத் தைத்தார்கள்" என்று ஆபேல் வாசித்தபோது குளோரி இன்னும் ஓர் அடி கிட்டே நகர்ந்தாள். அதைப் போலீசுக்குச் சொன்னவளே அவள்தான்.

சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து, வியாபாரி வேடத்தில் இருந்த அந்த வெள்ளைக்காரத் துரை ஊரைக் காலி செய்துவிட்டுப் போகும்வரை அவருடைய மணவாளக்குறிச்சி பங்களாவில் அவள்தான் சமையல். வாரநாட்களில் அங்கேயே தங்குவாள், ஞாயிற்றுக்கிழமை குளச்சலுக்கு வீட்டுக்கு வருவாள். கோலப்பன் என்ற ரகசியப் போலீஸ்காரர் முட்டை விற்பவரைப்போல அடுக்களை வாசலுக்கு வருவார். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், முற்றத்தில் மூட்டை எப்படித் தைத்தார்கள் என்பதையெல்லாம் அவரிடம் சொல்வாள். நாட்டுக்குச் செய்கிற வேலை, கட்டினவனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று அவர் மாதாவின் பேரில் சத்தியம் வாங்கியிருந்தார். அவளும் சொல்லவில்லை.

ஆபேல் அடுத்த பத்திக்குப் போனார். "துரையின் சமையற்காரியும் இதற்கு உடந்தை. ஞாயிறு பூசைக்குப் போகும் சாக்கில், முக்காட்டுக்குள் பொட்டலத்தை மறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குளச்சலில் ஒரு கருவாட்டு வியாபாரி வீட்டுப் பின்வாசலில் நுழைவாள். பொட்டலத்தில் செய்தி போனதாக நம்பப்படுகிறது."

வாசித்தவர் தலையைத் தூக்கினார். மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது நான் இல்ல," என்றாள் குளோரி. சொன்ன பிறகுதான், துரைக்கு வேறு சமையற்காரி இருந்ததில்லை என்பது அவளுக்கே உறைத்தது.

பொட்டலத்தில் இருந்தது ரொட்டி. அவளுடைய தங்கை இசபெல், அந்தக் கருவாட்டு வியாபாரியிடம் கணக்கு எழுதும் முஸ்லிமான அசனாரை விரும்பி, வீட்டைவிட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். வியாபாரி வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருந்தார்கள். அவள் பெயரை எடுக்கக் கூடாது என்று குளோரியின் வீட்டில் கட்டளை. குளோரியின் கணவன் சிலுவைதாசன் அதில் எல்லாரையும்விடக் கறாராக இருந்தான்; அவள் எங்கே குடியிருக்கிறாள் என்றுகூட விசாரித்ததில்லை. அதனால்தான் முக்காடும் பின்வாசலும்.

அன்று சாயங்காலத்துக்குள் குளச்சல் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் கோவிலில் பெண்களின் மாதா சபைக் கூட்டத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கருவாட்டு வியாபாரி, இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார். கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றது. துரை கொடுத்ததை எங்கே புதைத்து வைத்திருக்கிறாள் என்று பக்கத்துத் தெரு சத்தியபாய் கேட்டதாக இன்னொருத்தி வந்து சொன்னாள். அப்படிச் சொன்னவளும் அதையே நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று குளோரிக்குத் தோன்றியது.

அவளும் எல்லாரையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். தன்னைப் பின்தொடர்ந்து வந்தது யார்? ஆபேலா? மணியடிக்கும் கோவில்குட்டியா? எதிர்வீட்டு ஞானபாயா? ஒவ்வொரு முகமாக மனசில் நிறுத்திப் பார்த்தாள். அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு ஒரு நாள் சோறு பரிமாறும்போது சட்டென்று ஒன்று தட்டியது. ஊரே அவளிடம் கேட்டது, ஜாடையாகவோ நேராகவோ. சிலுவைதாசன் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரிகைச் செய்தியால் ஊரில் பெண்டாட்டி பெயர் நாறும்போது, கோபக்காரனான அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அறிக்கைக்குத் தகவல் வாங்கினவரிடமே கேட்டுவிடுவது என்று, மறுநாள் அவள் நாகர்கோவில் போய், அங்கிருந்து தோவாளைக்கு பஸ் ஏறினாள். கோலப்பன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அங்கே பூ வியாபாரம் செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தாள். பிச்சிப்பூக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதர் அவளைக் கண்டதும் முகம் மாறி எழுந்தார்.

"ஆரு அனுப்புனா ஒன்னைய? பத்திரிகைக்காரனா?"

"ஒருத்தரும் அனுப்பல்ல அய்யா. நானாட்டுத்தான் வந்தேன்."

அவர் அவளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். பிறகு கடைக்குப் பின்புறம் கூட்டிக்கொண்டு போனார்.

"என்னைய உடந்தைன்னு எழுதினது நீங்களாய்யா?" என்று கேட்டாள்.

"நானா? நான் எழுதினதுல ஒன்னைப் பத்தி ஒரு குத்தம் கிடையாது. நல்ல சாட்சின்னு எழுதினேன்." அவர் மடித்து வைத்திருந்த பத்திரிகையை எடுத்து ஓரிடத்தில் விரலை வைத்தார். "இதை ஒனக்கு ஆராவது வாசிச்சிக் காட்டினாவளா? 'முட்டைக்காரன் வேடத்தில் ஓர் ஒற்றன் அடிக்கடி பங்களாவுக்கு வந்து சமையற்காரியோடு ரகசியம் பேசினான். அவன் அன்னிய வல்லரசின் ஆளாக இருக்கலாம்.' ஆருன்னு தெரியுதா? நான்தான்!"

குளோரி அவர் கையிலிருந்த பத்திரிகையைக் குனிந்து பார்த்தாள்.

"பங்களாப் பக்கம் பாக்கது எனக்க வேலை. துறைமுகத்துப் பக்கம் வேற ஒரு ஆபீசருக்கு. அவரு ஆள் வச்சிருக்கது எனக்குத் தெரியாது, எனக்க ஆளு அவருக்குத் தெரியாது. ரெண்டு பேரு எழுதினதையும் மேல இருந்தவங்க ஒண்ணாச் சேத்துத் தைச்சிட்டாங்க. இத்தனை நாளும் ஆரும் வாசிச்சுகூடப் பாக்கல்ல போலிருக்கு."

"துறைமுகத்துல அவரு ஆளு ஆரு?"

"தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்லப்படாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ஆனா நான் பங்களாவுக்கு வந்த நேரத்துல அடுக்களைப் பக்கம் வந்துபோன ஆளாத்தான் இருக்கணும். முட்டைக்கூடை வச்சிருந்த என்னைய வேற ஆரு கண்டா?"

சிலுவைதாசனுக்குத் துறைமுகத்தில்தான் வேலை. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு வள்ளத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு போவான். வேலை இல்லாத நாட்களில், சொல்லாமல் கொள்ளாமல் பங்களாப் பக்கம் வந்து வேலிக்கு வெளியே நிற்பான். பெண்டாட்டி மேல் பிரியம் என்று அப்போது அவள் நினைத்திருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் சிலுவைதாசன் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முன்னால் போய் நின்றாள்.

"என்னையப் பத்திப் போலீசுக்குச் சொன்னது நீருதானா?"

அவன் இல்லை என்று சொல்லவில்லை. வலையைக் கீழே வைத்தான்.

"அந்த ஆபீசரு பங்களாவப் பத்தித்தான் கேட்டாரு. நான் கண்டதச் சொன்னேன்."

"என்னத்தக் கண்டீரு?"

"துரை ஒன்னைய குளோரி குளோரின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டான். முட்டைக்காரன் வந்தா கதவுக்குப் பொறத்த நின்னு மெல்லப் பேசுத. ஞாயிறு ஆனா பொட்டலத்தக் கொண்டு ஆரோ ஒருத்தன் வீட்டுப் பின்வாசல்ல ஏறுத. நான் என்னான்னு நெனைக்கது? ஒன்னைய உடந்தைன்னு எழுதுவாங்கன்னு நெனைக்கல்லட்டி. அந்த வேலையில இருந்து எடுத்துப்போடுவாங்கன்னுதான் நெனைச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா சொல்லியிருப்பியா?"

கேட்டிருந்தாலும் மாதா மேல் செய்த சத்தியத்துக்காக முட்டைக்காரரைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாள். அவனுக்குப் பயந்து இசபெலைப் பற்றியும் சொல்லியிருக்க மாட்டாள். இப்போது இரண்டையும் சொன்னாள். துரையின் மூட்டைக் கதையைப் போலீசுக்குக் கொடுத்ததே தான்தான் என்றதும் சிலுவைதாசன் அவளை நம்பாமல் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அவனைத் தேற்றவில்லை. தனியாகப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

காலையில் எழுந்ததும் சொன்னாள்: "வீட்டுக்குள்ள அழுது காரியம் இல்ல. ஊரு முன்னால சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது சிலுவைதாசன் கோவில் முற்றத்தில் நின்று சொன்னான். பெண்டாட்டியைப் பற்றிப் போலீசிடம் சொன்னது தான்தான், அவள் போனது தங்கச்சியைப் பார்க்க, பொட்டலத்தில் இருந்தது ரொட்டி என்றான். உண்மையில் துரையைக் காட்டிக்கொடுத்தவளே அவள்தான் என்றும் சொன்னான். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். குளோரி பக்கத்தில் நின்று கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள்.

ஆபேல்தான் முதலில் பேசினார். "அப்போ புருசனும் பெஞ்சாதியும் ரெண்டு பேருமே போலீசுக்குச் சொல்லுத ஆளுவதானா?"

அதோடு முன்பிருந்ததைவிட மோசமாயிற்று. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள், இலங்கையிலிருந்து துணி கொண்டுவருகிறவர்கள், வரி கட்டாதவர்கள் எல்லாரும் அவர்களைக் கண்டால் வழி மாறிப் போனார்கள். வள்ளத்தில் சிலுவைதாசன் ஏறினால் பேச்சு சாப்பாட்டைப் பற்றியும் காற்றைப் பற்றியும் மட்டும் நடந்தது. குளோரிக்கு மீன் கொடுத்தார்கள், ஆனால் முகம் பார்த்துக் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு ஆள்தான் வீடு தேடி வந்தார். அசனார் தெருவிலேயே நின்று, "மொதலாளிக்க சந்தேகம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. இசபெல் வரச்சொன்னா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்று மத்தியானமே குளோரி கிளம்பினாள். வாசலில் நின்ற சிலுவைதாசன், "நானும் வரட்டா?" என்று கேட்டான். அவள் வெகுநேரம் அவனைப் பார்த்தாள். வரச்சொல்லவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு நாலடி பின்னால் நடந்தான்.

இசபெல் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். சகோதரிகள் இரண்டு பேரும் அடுக்களையில் அழுதும் சிரித்தும் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் சிலுவைதாசன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, கருவாட்டு விலை எப்படி, இந்த வருஷம் நெத்திலி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அசனார் டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். ஆனால் கேட்கிறவன் யார் என்பதை மறக்காமல், ஆமாம், இல்லை என்பதற்கு மேல் எதற்கும் பதில் சொல்லவில்லை.