மூடிய கறுப்பு விண்டோ

முப்பது நாள் தேர்வில் அன்று இருபத்தேழாவது நாள். ஒரு கிரிப்டோ நாணயத்தின் பரிமாற்றங்களையெல்லாம் சரிபார்த்துப் பிரதி வைத்திருக்கும் 'நோடு' என்ற நிரலை, நிற்காமல் வீட்டுக் கணினியில் ஓட்டிக் காட்டினால் அண்ணனுக்கு வேலை உறுதி. எட்டு மாதமாகச் சும்மா இருக்கிறவர். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

"பேக்ரவுண்ட்ல விட்டுடுங்க. விண்டோவ மூடினாலும் அது பாட்டுக்கு ஓடும்" என்று அந்த நிறுவனத்தின் மேலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் போதும். அண்ணன் சேர்க்கவில்லை. பின்னணியில் விட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. முன்னால் விட்டால் கறுப்பு விண்டோவில் வரிவரியாக ஏறிக்கொண்டே இருக்கும். பல் துலக்கும் முன்பே அதன் எதிரில் வந்து உட்காருவார். அந்த வீட்டில் அவர் பேரில் நடக்கிற ஒரே காரியம் அது.

பகலில் கடைக்குப் போய்த் திரும்பியபோது தங்கை அவருடைய நாற்காலியில் இருந்தாள். தன் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்ப வந்தவள்.

"இங்க ஒரு கறுப்பு விண்டோ இருந்துச்சே?"

"மூடிட்டேன். ஏதோ ஓடுது, மூடவான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"எதுக்குண்ணா? நாள் பூரா அதையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கே. மனசு கெட்டுப் போச்சோன்னு அண்ணி எங்கிட்ட அழறாங்க. ஒழியட்டும்னுதான் மூடினேன்."

அவர் நின்றபடியே நோடை மறுபடி ஓட விட்டார். வரிகள் ஏறத் தொடங்குவதற்குள் மேலாளரிடமிருந்து போன் வந்தது.

"நாப்பது நிமிஷம் உங்க நோடு காணோமே சார். கரன்ட் போச்சா? அப்படின்னா விட்டுடலாம்."

குரல் வெளியே கேட்டது. தங்கை அவசரமாகத் தலையாட்டினாள், போச்சுன்னு சொல்லு என்பதுபோல. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"போகல சார். பேக்ரவுண்ட்ல விடல, முன்னாலயே ஓட்டிட்டு இருந்தேன். வீட்ல விண்டோவ மூடிட்டாங்க."

"இருபத்தேழு நாளும் முன்னாலயா?"

"ஆமா சார்."

"மூடினதுக்காகச் சொல்லல. இங்க முந்நூறு மெஷின். ஒவ்வொண்ணு முன்னாலயும் போய் உக்கார முடியுமா? வேற ஆளப் பாத்துக்கறோம், தப்பா நெனைக்காதீங்க."

"வேலையா?" என்றாள் தங்கை. "சொல்லவே இல்லையேண்ணா."

"உன் விண்ணப்பத்த அனுப்பு. நேரமாச்சு."

அவளுடைய கை மவுஸின் மேல் அசையாமல் கிடந்தது. அவர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, தானே அனுப்பிவிட்டார்.