பச்சை மட்டைப் புத்தகம்

பொது நூலகத்தில் பழைய புத்தகங்களை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், உரப்பை ஒன்றை மடித்து சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் வாங்குப் பலகைகளை இழுத்துப் போட்டு, சந்தையில் மரக்கறி குவிப்பதுபோலப் புத்தகங்களைக் குவித்திருந்தார்கள். சனம் சமையல் புத்தகத்துக்கும் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்துக்கும் இடிபட்டது. நான் தேடியது ஒரேயொரு பச்சை மட்டையை. வீரகத்தியர் எழுதிய ‘எங்கள் குளமும் நானும்’.

முதற் குவியலின் அடியில் இரண்டு கிடந்தன. சோதிடப் புத்தகங்களுக்குள் ஒன்று. மூலைக் கதிரைக்குக் கீழே கயிறுகூட அவிழ்க்காத ஒரு கட்டு. எல்லாவற்றையும் உரப்பைக்குள் போட்டேன்.

நூலகத்தில் வேலை செய்யும் கமலேஸ்வரி சிரித்தார்.

“என்ன பொன்னையா அண்ணை, ஒரே புத்தகத்தை எத்தினை தரம் வாசிக்கப் போறீங்கள்?”

“விளங்குமட்டும், பிள்ளை.”

அந்தப் புத்தகம் என் வீட்டிலும் இருந்தது. அதன் வெளியீட்டு விழாவுக்குக் கதிரை சுமந்தவன் நான். எல்லாரும் போன பிறகு வீரகத்தியர் ஒன்றைத் தந்து, “கொப்பன்ர பேரும் இதில இருக்கடா” என்றார். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்ச் சாமிப்படத் தட்டில் வைத்தேன். என் மனைவி மீனம்மா வெள்ளிக்கு வெள்ளி அதற்கும் சந்தனம் வைத்தாள்.

போன வருடம் முன்பள்ளிக் கட்டடத்தில் பெரியாட்களுக்கு நடந்த வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகினேன். பழகியதும் அப்பாவின் பெயரைத் தேடித்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். விரலை வைத்து வைத்து வாசித்தேன். ‘காவலாளி சிவராசா குடிபோதையில் உறங்கியமையால் குளக்கட்டு உடைந்தது.’

அப்பா குடித்ததே இல்லை. கோடையில் கட்டைத் திருத்தாமல் விட்டவர், அப்போது வயல்காரரின் கமக்கார அமைப்புக்குத் தலைவராக இருந்த வீரகத்தியர். உடைந்த இடத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று மண்மூட்டை அடுக்கி, காய்ச்சல் கண்டு செத்தவர் அப்பா. அந்த வரிக்குத்தான் நாங்கள் சந்தனம் வைத்திருக்கிறோம்.

உரப்பையின் வாயைக் கட்டும்போது முதுகில் ஒரு கை விழுந்தது. வீரகத்தியர். அவரும் மலிவுக்கு வந்திருந்தார். கக்கத்தில் தடித்த அகராதி. பைக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, எல்லாம் என்ர புத்தகம்! ஊரில படிச்சவங்களுக்கில்லாத மதிப்பு உனக்கு இருக்கடா. ஆருக்குக் குடுக்க?”

“கோயில் பொங்கலுக்கு வாற சனத்துக்கு, ஐயா.”

“சும்மா குடுக்காத. கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தாறன்.”

கதிரையில் உட்கார்ந்து பேனையைத் திறந்தார். அவர் வயலில் எத்தனையோ போகம் வெட்டியவன் நான். என் பெயர் அவருக்கு வரவில்லை.

“சிவராசாவின்ர மகனுக்கு எண்டு எழுதுங்கோ” என்றேன்.

பேனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெயரில் அது ஒரு கணம் தயங்கியிருந்தால், எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பாழ்கிணற்றில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். தயங்கவில்லை. ஒவ்வொன்றிலும் ‘சிவராசாவின் மகனுக்கு அன்புடன்’ என்று வளைத்து வளைத்து எழுதி, கீழே தன் பெயரை அதைவிடப் பெரிதாகப் போட்டார்.

பொங்கலன்று பின்னேரம் கோயில் வீதியில் மீனம்மா கச்சான் கடலை வறுத்தாள். நான் பக்கத்தில் இருந்து புத்தகங்களைக் கிழித்துச் சுருள் சுற்றினேன். அப்பாவைப் பற்றிய பக்கத்தை ஒவ்வொன்றிலும் இருந்து முதலே உருவி அடுப்புக்குள் வைத்திருந்தேன். வீட்டுப் புத்தகத்தின் பக்கம் எரியும்போது சந்தனம் மணத்தது. மிச்சப் பக்கங்களில் வீரகத்தியர் மாலையோடு நின்றார், குடை பிடித்து நின்றார், குளக்கட்டில் மண்வெட்டியோடு நின்றார். அவருக்குள் கச்சானை நிரப்பி நிரப்பிக் கொடுத்தேன்.

பட்டுவேட்டியோடு வந்த வீரகத்தியர் வரிசையைப் பாராமல் முன்னுக்குப் புகுந்து கையை நீட்டினார். அவருக்கென்று கையெழுத்துப் பக்கத்தில் சுற்றி வைத்திருந்ததைக் கொடுத்தேன். இரண்டு கச்சான் உடைத்த பிறகுதான் தாளைக் கண்டார்.

“எடேய், இது என்ர புத்தகமெல்லோ!”

“ஓம் ஐயா. சனத்துக்குத்தான் எண்டு அண்டைக்கே சொன்னனான்.”

“நாயே, இதில என்ன கிடக்கெண்டு வாசிக்கத் தெரியுமோ உனக்கு?”

“தெரியும். அப்பா வெறியில படுத்தாரெண்டு நீங்கள் எழுதின பக்கம் அடுப்பில. அந்தச் சூட்டிலதான் உங்கட கச்சானும் வறுபட்டது.”

குளக்கட்டு உடைந்த மழைக்கு அப்பாவோடு மண்மூட்டை தூக்கிய அன்னபாக்கியம் அக்கா முன்னால் வந்தார்.

“ஆர், சிவராசா அண்ணையோ வெறியில படுத்தவர்? அந்த மனிசன் தண்ணிக்குள்ள நிண்டு விறைக்கேக்கை நீர் எங்க ஐசே படுத்தனீர்?”

ஆரோ பின்னுக்கு நின்று சிரித்தார்கள். வீரகத்தியர் குரலைத் தாழ்த்தினார்.

“மிச்சச் சுருள் முழுக்கத் தா. நான் எடுக்கிறன்.”

“ஓராளுக்கு ஒண்டுதான், ஐயா. இன்னும் வேணுமெண்டால் வரிசையில நில்லுங்கோ.”

அவர் திரும்பிப் பார்த்தார். வரிசை கிணற்றடி வரை போயிருந்தது. நடந்து போய் அதன் கடைசியில் நின்றார். தின்று முடித்தவர்கள் தாளைக் கசக்கிக் காலடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவசரப்படாமல் அடுத்த பக்கத்தைக் கிழித்தேன்.